காலையில் ஓடியவன்

முதல் வரிசையில் ஒரே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அது எனக்கு.

களத்தில் காயப் போட்டிருந்த குறுவை நெல்லை ஒரு பக்கமாகக் கூட்டிக் குவித்து, மேலே தார்ப்பாயைப் போர்த்தியிருந்தார்கள். நாள் முழுக்க வெயில் குடித்த சிமெண்டுத் தரை சாயங்காலமாகியும் சுட்டது. கழற்றிப் போட்ட செருப்பின் மேலேயே காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெல்லுச் சுணை காற்றில் பறந்து கழுத்தெல்லாம் அரித்தது. சொரிந்துகொள்ளவும் கூச்சம். பின்னால் ஊரே உட்கார்ந்திருந்தது.

எதிரே இரண்டு மூங்கிலுக்கு நடுவே வெள்ளைத் திரை. வலங்கைமானில் கல்யாண வீடியோ எடுக்கிறவரிடம் வாடகைக்கு வாங்கி வந்த மிஷின் அதில் படத்தை விழவைத்துக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு மைதானம். செங்கல் நிறத் தரை, அதில் வெள்ளைக் கோடுகள். ஆசிய நாடுகள் எல்லாம் கூடி ஓடுகிற பெரிய போட்டி. ஆண்கள் ரிலே ஓட்டத்தின் ஃபைனல் இன்னும் கொஞ்ச நேரத்தில். ஓடப்போகிற நாலு பேரில் ஒருவன் என் மகன் குமரவேல் என்று அத்தனை பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் ஓடப்போவதில்லை என்பது அந்தக் களத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஊதாங்குழல்

நான் எழுதுகிற இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு அம்மா, மகனைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு ஒவ்வொரு வாரமும் வேறு பக்கம் நழுவிவிடுகிறேனே என்று கேட்டிருந்தார்களாம். நழுவுவது என் சுபாவம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் வராது. கல்யாண வீட்டில்கூடப் பந்தியின் நடுவில் உட்கார மாட்டேன். சுவர் ஓரம்தான். எழுதும்போது எதிரே யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் இது கொஞ்சம் வருகிறது.

குமரவேல் எனக்கு நாற்பதை ஒட்டிப் பிறந்தவன். இனிமேல் இல்லை என்று நானும் அவன் அப்பாவும் பேசி முடித்துவிட்ட பிறகு வந்தவன். அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவன் அப்பா போய்விட்டார். அப்புறம் வீட்டில் இரண்டு குரல்தான். அவனையும் ஓட்டத்துக்கென்று விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கிருந்து வடக்கே ஒரு வேலை, அப்புறம் இந்திய அணிக்கான முகாம். வீட்டில் ஒரு குரல் ஆயிற்று. தனியாக இருக்கிறவள் யாரிடம் பேசுவது? சில நாள் ராத்திரி சாப்பிட உட்காரும்போதுதான், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது நினைவுக்கு வரும்.

ரிலே என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் வீட்டு ஊதாங்குழல்.

கேஸ் அடுப்பு வந்த பிறகும் வெந்நீருக்குக் கொல்லையில் விறகடுப்புதான். அதை ஊதுகிற இரும்புக்குழல், ஒரு முனை கறுத்துப்போனது. ஒரு தடவை லீவில் வந்தவன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்த மாதிரி ஒரு குழாதாம்மா. பேட்டன்னு பேரு. நாலு பேரு, ஆளுக்கு நூறு மீட்டரு. இத ஒருத்தன் கையிலேருந்து ஒருத்தன் வாங்கிட்டு ஓடணும். கீழ போட்டுட்டா அவ்ளோதான்" என்றான்.

"நின்னு நிதானமா வாங்கிக்க வேண்டியதுதானே?" என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பு! "நின்னா தோத்துருவோம். வாங்குறவன் முன்னாடியே ஓட ஆரம்பிச்சிரணும். திரும்பியே பாக்கக் கூடாது. கை மட்டும் பின்னாடி இருக்கணும். வா, ஓடிப் பாப்போம்."

என்னிடமிருந்து கோலமாவை வாங்கிப்போய்த் தெருவில் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். அந்தக் கோட்டை அவன் மிதித்த நொடி நான் கிளம்ப வேண்டும். கையைப் பின்னால் நீட்ட வேண்டும். அவன் "கை" என்று கத்துவான், குழல் என் உள்ளங்கையில் வந்து விழும்.

ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

"திரும்பாதம்மா!"

"எப்படிடா திரும்பாம இருக்கறது? நீ வர்ற சத்தம் கேக்குதுல்ல!"

நடவு வயலில் நாங்கள் பின்னாலேயே நகர்ந்து நடுகிறவர்கள். கையைப் பின்னால் விட்டால் கட்டிப்போட்ட நாற்று முடி தட்டுப்படும். பார்க்காமலே எடுத்து நட்டிருக்கிறேன், எத்தனையோ வருஷம். ஆனால் நாற்று முடி வேறு, மகன் வேறு. அவன் ஓடி வருகிற சத்தம் காதில் விழுந்தால் கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது. நான் என்ன செய்ய?

அந்தக் கோலமாவுக் கோடு அவன் போன பிறகும் இரண்டு நாள் தெருவில் கிடந்தது. அப்புறம் மழை வந்தது.

வளைவு

அவனுக்கு மூன்றாவது ஆள் வேலை. கடைசி வளைவில் ஓடுகிறவன். நேர்கோட்டில் யார் வேண்டுமானாலும் ஓடிவிடலாமாம், வளைவில் ஓடுவது வேறாம். அவன் சொன்னதுதான், எனக்கென்ன தெரியும்.

அவன் சொன்னதிலிருந்து டி.வி.யில் எந்த ஊர் ஓட்டம் காட்டினாலும் உட்கார்ந்து பார்ப்பேன். பேசுகிற மொழி புரியாது, சத்தத்தைக் குறைத்துவிடுவேன். பார்த்துப் பார்த்து ஒன்று தெரிந்தது. எல்லாரும் கடைசியில் ஓடுகிறவனைத்தான் பார்க்கிறார்கள். கேமராவும் அவனோடுதான் போகிறது. மூன்றாவது ஆள் குழலைக் கொடுத்துவிட்டு அந்த வளைவின் முடிவில் தனியாக நின்றுவிடுகிறான். ஜெயித்தார்களா தோற்றார்களா என்று அவன் தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கத்தான் முடியும். நான் திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், அவனை மறுபடி காட்டுவார்களா என்று. முக்கால்வாசி காட்ட மாட்டார்கள்.

மத்தியானம் வந்த போன்

அன்று காலையில் முதல் சுற்று நடந்தது. அதை டி.வி.யில் காட்டவில்லை. இந்தியா ஃபைனலுக்குப் போய்விட்டது என்று செல்போனில் செய்தி மட்டும் வந்தது. பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் பக்கிரிசாமிதான் ஊர் முழுக்கச் சொன்னவர். ஏற்கெனவே குமரவேலுக்கு ஆளுயர ஃபிளெக்ஸ் கட்டியவரும் அவர்தான். திரை கட்ட ஏற்பாடு செய்தவரும் அவர்தான்.

நான் சோற்றை வடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அம்மா, சாப்பிட்டியா?"

அவன் குரல் சரியில்லை. "இனிமேத்தான். நீ நல்லா ஓடுனியாமே?"

"ஓடுனேன். நல்லாத்தான் ஓடுனேன்." உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அம்மா, சாயங்காலம் நான் ஓடல."

"கால்ல அடியா?"

"அதெல்லாம் இல்ல. என்னவிட வேகமா ஓடுற ஒருத்தரு இருக்காரு. தனி ஓட்டத்துல ஓடிக் களைச்சிருந்தாரு. அதனால காலையில அவருக்கு ஓய்வு குடுத்து என்ன விட்டாங்க. ஃபைனலுக்கு அவரு எறங்குறாரு. எல்லா நாட்டுலயும் இப்பிடித்தாம்மா. கோச்சு மேல ஒண்ணும் தப்பில்ல."

"இங்க திரை கட்டுறாங்களேடா."



"யார்கிட்டயும் சொல்லாதம்மா. இப்ப சொன்னா ஆளாளுக்கு போன் பண்ணுவாங்க, என்னாச்சு ஏதாச்சுன்னு. என்னால பேச முடியாது. நான் அப்பறம் சொல்லிக்கிறேன்."

"சரிப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆனாலும் மனசு கேட்கவில்லை. திரை மட்டும் வேண்டாம் என்று எப்படியாவது சொல்லிவிடலாம் என்று களத்துக்குப் போனேன். பக்கிரிசாமி ஏணியில் நின்று மூங்கிலில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மேலிருந்தபடியே, "வாங்க பெரியம்மா! ராஜமாதா நீங்க, வெயில்ல வரலாமா? ஒங்களுக்கு மொத வரிசை, சால்வையும் வாங்கி வச்சாச்சு" என்று கத்தினார்.

"தம்பி, இந்தத் திரையெல்லாம் எதுக்கு..."

"கூச்சப்படாதீங்க. இன்னிக்கு ஒரு நாளாவது கூச்சத்தக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வாங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

கரையேறிய நாள்

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அது குமரவேல் பிறப்பதற்கு முன்னால் நடந்தது.

அப்போது நான் ராசாத்தி அக்காவின் கூட்டத்தில் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ராசாத்தி அக்கா என்னைவிட வயதில் மூத்தவள். எந்த வயலில் நடவு, யார் யார் வருவது என்று எல்லாம் அவள் பொறுப்பு. ஒரு வயலை மொத்தமாகப் பேசிக்கொண்டு நடுவோம். சாயங்காலம் வாய்க்காலில் கைகால் கழுவிய பிறகு கூலியைப் பங்கு போட்டுக்கொள்வோம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு முறை உண்டு. காலையில் சேற்றில் கால் வைத்தவளுக்குப் பங்கு உண்டு. நடுவில் முடியாமல் கரையேறினாலும் குறைக்க மாட்டார்கள். அவள் விட்ட இடத்தை இரண்டு பக்கத்தில் நிற்கிறவர்களும் கொஞ்சம் அகட்டிக்கொண்டு நட்டுவிடுவார்கள்.

ஐப்பசி மாதம் ஒரு நாள். நாலு மாதமோ ஐந்து மாதமோ, வயிற்றில் குமரவேல். காலையில் நன்றாகத்தான் இறங்கினேன். வெயில் ஏறினதும் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. சேற்று நாற்றமே குமட்டியது. கையிலிருந்த நாற்று முடி நழுவி விழுந்தது.

"ஏ தனம், கரையேறுடி!" ராசாத்தி அக்கா போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் பறந்தது. "வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு வீம்பு பண்ணாத. ஏறு!"

ஏறினேன். வரப்பில் ஒரு பூவரச நிழலில் உட்கார்ந்தேன். என் இடத்தை அவர்கள் நட்டுக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உடம்பு ஒரு வேதனை என்றால் அது ஒரு வேதனை. பாட்டும் கேலியுமாக அவர்கள் குனிந்து நகர்ந்துகொண்டே போகிறார்கள். போகப் போக அவர்கள் குரல் சின்னதாகிறது. நான் மட்டும் காய்ந்த காலோடு உட்கார்ந்திருக்கிறேன். காலில் ஒட்டின சேறு காய்ந்து தானாக உதிர்ந்தது. அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பங்கைக் கொடுத்தபோது வாங்க மாட்டேன் என்றேன். "நான் நடலையே அக்கா."

"காலையில நட்டது யாரு, ஒன் ஆத்தாளா?"

"இருந்தாலும்..."

"இந்தா பாரு. வாங்குறது ஒன் இஷ்டம் இல்ல. குடுக்குறது எங்க மொறை." என் முந்தானையைப் பிடித்து இழுத்து, அதில் முடிந்துவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான். அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. நான் அதிகமாகப் பேசாதவள் என்பதால் குமரவேலிடமும் இதைச் சொன்னதில்லை.

திரையில் நாலு முகம்

களத்துக்கு வருகிறேன்.

திரையில் ஒவ்வொரு நாட்டு ஆட்களாகக் காட்டிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவரும் கேமராவைப் பார்த்துக் கை காட்டுவதும் நெஞ்சைத் தட்டுவதுமாக இருந்தார்கள். பக்கிரிசாமி போர்த்திவிட்ட சால்வையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

இந்தியா வந்தது. ஊரே எழுந்து நின்றது. ஒரு முகம், இரண்டு முகம், மூன்று, நாலு. அடுத்த நாட்டுக்குப் போய்விட்டார்கள்.

"என்னடா இது, நம்ம குமாரக் காணும்?"

"அடுத்து வருவான், இரு."

"ரிலேன்னா நாலு பேருதான்டா, மாடு!"

பக்கிரிசாமி திரைக்குக் கிட்டப் போய் நின்று உற்றுப் பார்த்தார். அவர் நிழல் மைதானம் முழுக்க விழுந்தது.

"யோவ் பக்கிரி, ஒன் தொந்தியப் பாக்கவா வந்தோம்? தள்ளுய்யா!"

சிரித்தார்கள். பிறகு சிரிப்பு தானாக அடங்கியது. பக்கிரிசாமி திரும்பி என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததும் எல்லாரும் பார்த்தார்கள்.

"பெரியம்மா, குமாரு எங்க?"

எழுந்தேன். சால்வை கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தால் மறுபடி நிமிர மாட்டேன் என்று தோன்றியது, எடுக்கவில்லை.

"காலையில ஓடிட்டான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "காலையில ஓடுனது அவன். இப்ப ஓடுறது வேற புள்ள. மத்தியானமே சொல்லிட்டான். யார்கிட்டயும் சொல்லாதேன்னான்."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தார்ப்பாயின் கீழே இருந்த நெல் யாருடையதோ அவர் குரல். "அப்ப யாரப் பாக்க என் நெல்ல ஒதுக்கினீங்க?"

அதற்குள் அங்கே துப்பாக்கி வெடித்துவிட்டது.

அரிசியை ஒரு தண்ணீர் அலசிக் கொட்டுகிற நேரம்கூட இருக்காது அந்த ஓட்டம். அதற்குள் என்னவெல்லாமோ ஆகிவிடுகிறது. ஊர் பார்த்தது வேறு, நான் பார்த்தது வேறு. நான் அந்த வளைவைத்தான் பார்த்தேன். என் மகன் நிற்க வேண்டிய இடத்தில் வேறொரு பிள்ளை கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு ஓடினான், திரும்பிப் பார்க்காமல். குழல் வந்து கையில் விழுந்தது. என்ன ஓட்டம்! பொய் சொல்லக் கூடாது. என் மகனைவிட வேகம்தான். எனக்கே தெரிந்தது. ஆனாலும் அந்தப் பிள்ளை குழலைக் கொடுத்துவிட்டு வளைவின் முடிவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றபோது, அவனையும் கேமரா விட்டுவிட்டுப் போனபோது, அவனும் எவளோ ஒருத்தி பெற்றவன்தானே என்று இருந்தது.

குமரவேல் எங்கே இருக்கிறான் என்று திரை முழுக்கத் தேடினேன். காட்டவில்லை.

"மூணாவது! மூணாவதுடா! வெங்கலம்!"

எனக்குப் பின்னால் களமே குதித்தது. வாங்கி வைத்த வெடியை யாரோ கொளுத்திவிட்டார்கள். குமரவேலுக்கு என்று வாங்கின வெடி.

பங்கு

புகை அடங்குவதற்குள் அடுத்த பேச்சு கிளம்பிவிட்டது.

செல்போனை நோண்டிக்கொண்டிருந்த ஒருத்தன், "காலையில ஓடுனவங்களுக்கும் மெடல் உண்டாம். இதுல போட்டுருக்கான்" என்றான்.

"ஓடாமலேவா?" நெல்லுக்காரர்தான். "நல்ல கதையா இருக்கே. ஒருத்தன் ஓடுவான், இன்னொருத்தன் கழுத்துல மாட்டிக்குவானா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். ஏமாந்துபோன சிரிப்பு. ஆனால் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. செருப்பைக் காலால் தேடினேன். ஒன்றுதான் கிடைத்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ராசாத்தி அக்கா எழுந்தாள். இப்போது அவளுக்கு இடுப்பு நிமிராது. குரல் மட்டும் அதே கொக்கு பறக்கிற குரல்.

"ஏன், காலையில சேத்துல கால் வச்சவளுக்குப் பங்கு உண்டா இல்லையா?"

"அது நடவு ஆத்தா. இது ஓட்டம்."

"ஒன் வயல நடும்போது கரையேறுனவளுக்கு நாங்க பங்கு குடுத்தோம். நீ பாத்துக்கிட்டுத்தான நின்ன? அப்ப வாயத் தொறந்தியா?"

"அது ஒங்க கூலி, நீங்க பிரிச்சிக்கிட்டீங்க. எனக்கென்ன?"

"ஆங்! அதத்தான் நானும் சொல்றேன். அது அவங்க மெடலு, அவங்க பிரிச்சிக்கிறாங்க. ஒனக்கென்ன?"

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரிப்பு. நெல்லுக்காரரும் சிரித்துவிட்டார். "இந்தக் கெழவிகிட்ட வாய் குடுத்தேன் பாரு" என்று தார்ப்பாயை இழுத்துச் சரிசெய்யப் போய்விட்டார். பக்கிரிசாமி என் இன்னொரு செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து காலடியில் வைத்தார். சால்வையை மட்டும் எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நானே வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. அந்தப் பக்கம் ஆட்டமும் பாட்டுமாக ஒரே சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம். அப்புறம் அவன் குரல் மட்டும்.

"எல்லாரும் ஆடுறாங்கம்மா. நான் படிக்கட்டுல வந்து உக்காந்துருக்கேன்."

"மெடல் குடுத்தாங்களா?"

"மேடையில நாலு பேருதான் ஏறுனாங்க. எனக்கு அப்பறமா, தனியாத் தருவாங்களாம். எனக்கு வேண்டாம்மா. நான் ஓடலையே. அத வாங்கிட்டு ஊருக்கு வந்தா என்னான்னு சொல்லிக் காட்டுவேன்?"

என் வாழ்க்கையில் போனில் அவ்வளவு நேரம் நான் பேசினதில்லை. அந்த ஐப்பசி நாளை முழுக்கச் சொன்னேன். நாற்று முடி நழுவினது, பூவரச நிழல், காய்ந்த சேறு, முந்தானையில் முடிந்தது எல்லாம். களத்தில் ராசாத்தி அக்கா பேசினதையும் சொன்னேன். "வாங்குறது ஒன் இஷ்டம் இல்லப்பா" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அப்ப நானும் ஒங்கூடக் கரையில உக்காந்துதான் இருந்தேனாம்மா, அன்னிக்கு?" என்றான்.

"ஆமாம்" என்றேன்.

"சரி, வைக்கிறேன்" என்றான்.

வைக்கோல் போர்

தீபாவளிக்கு வருவான் என்று பலகாரத்துக்கு மாவு இடித்து வைத்தேன். வரவில்லை. முகாம் என்றான். கார்த்திகைக்கும் முகாம். மெடலை வாங்கினானா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. தினமும் போன் வரும். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." அதோடு முடிந்துவிடும்.

பஸ் நிறுத்தத்தில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் மழையில் ஒரு பக்கம் கிழிந்தது. பக்கிரிசாமி அதை அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். ராசாத்தி அக்கா அதைக் கொண்டுபோய்த் தன் வைக்கோல் போரின் மேலே போர்த்திக் கயிறு கட்டிவிட்டாள். வாய்க்காலுக்குப் போகிற வழியில்தான் அந்தப் போர். என் மகன் முகம் பாதி மடிப்புக்குள் போய், ஒரு கண்ணும் பேட்டனைப் பிடித்த கையும் மட்டும் வெளியே தெரியும். அந்த மழைக்காலம் முழுக்க நான் அவனைப் பார்த்தது அங்கேதான். யாரும் இல்லாத நேரமாக இருந்தால் கொஞ்சம் நின்று பார்ப்பேன். ஒரு தடவை ராசாத்தி அக்கா பார்த்துவிட்டாள்.

"என்னாடி, வைக்கோலுக்குக் காவலா?"

"நனையாம இருக்கான்னு பாத்தேன்."

"நனையல. நீ போ" என்றாள். அவளுக்குத் தெரியும்.

தை பிறந்து, சம்பா அறுப்புக்கு மிஷின் வயலில் இறங்கியிருந்த சமயம். பனி விலகாத காலை. கொல்லையில் வெந்நீருக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். விறகு ஈரம், பிடிக்கவில்லை. குனிந்து ஊதாங்குழலை வைத்து ஊதிக்கொண்டிருந்தேன். முதல் பஸ் வந்து போன சத்தம் கேட்டது. அது தினமும் வருகிற பஸ்தான், நான் தலையைத் தூக்கவில்லை.

சந்துப் பக்கமாகக் காலடிச் சத்தம். இரண்டு எட்டு வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"திரும்பாதம்மா. கைய நீட்டு."

ஊதாங்குழலைக் கீழே வைத்தேன். குந்தின வாக்கிலேயே வலது கையைப் பின்னால் நீட்டினேன். சாம்பல் ஒட்டின கை. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. என் கழுத்து திரும்பத் துடித்தது. ஆனால் பின்னால் அவன் மூச்சு சரியாக வரவில்லை. அது ஓடி வந்த மூச்சு இல்லை. பெற்றவளுக்கு அது தெரியாதா? நான் திரும்பினால் அவன் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கையில் சில்லென்று ஒன்று விழுந்தது. வட்டமாக, நான் நினைத்ததைவிடக் கனமாக. அதோடு சேர்ந்து நாடா விரலில் வழிந்தது.

"என் பங்கு" என்றான்.

திரும்பிப் பார்க்கவில்லை. அவன் என்னைத் தாண்டிப் போய் அடிபம்பில் தண்ணீர் அடிக்க ஆரம்பித்தான். அடுப்புப் புகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன், கையை மூடிக்கொண்டு. பம்பு அடிக்கிற சத்தம் நின்று நின்று கேட்டுக்கொண்டே இருந்தது. முகம் கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை.